வாடகை வீடும் சொந்த எழுத்தும்

கதை எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் சாமான்களைப் பற்றி என்ன அபிப்பிராயம் இருக்க முடியும் என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஆனால் பேனாவைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் அச்சாபீஸைப் பற்றியும் குறை சொல்லாத எழுத்தாளனை நான் இதுவரை சந்தித்ததில்லை. இன்று எழுதியது போய்ச் சேருகிற இடங்களில் வெப்சைட்டும் ஒன்று. எழுத்தாளனுக்கு மட்டுமா? ஊர் வாசகசாலைக்கும், பாட்டு வாத்தியாருக்கும், வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கிற அம்மாளுக்கும் அது தேவைப்படுகிறது. கோடிங் என்றால் என்னவென்று தெரியாத இவர்களுக்காகவே ஏகப்பட்ட எடிட்டர்கள் கடைவிரித்திருக்கின்றன. அவற்றில் எதை வாங்குவது என்று யோசனை சொல்லும் கட்டுரைகள் அவற்றைவிட அதிகம். அந்தக் கட்டுரைகளில் ஒரு கட்டு படித்துப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: முதல் பக்கத்தை எத்தனை நிமிஷத்தில் போட்டுவிடலாம்?

முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு நாவலுக்கு மார்க்குப் போடுகிற விமரிசகனை நாம் லட்சியம் செய்வதில்லை. வெப்சைட் விஷயத்தில் மட்டும் அதைச் சகித்துக்கொள்கிறோம். முதல் பக்கம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடுகிற வேலை. அதற்குப் பிறகு வருஷக் கணக்கில் எழுதிச் சேர்த்துக்கொண்டே போகிறோம். பத்தாவது வருஷம் அந்தக் கம்பெனி வாடகையை ஏற்றுகிறது, அல்லது கடையையே கட்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதியதை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வர முடியுமா? எடிட்டர்களைத் தரம் பிரிக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கட்சி. அழகு, சௌகரியம், விலை எல்லாம் இதற்குப் பின்னால் வரட்டும்.

இந்தச் சாமான்களுக்கு ஒரு பூர்வ கதை உண்டு. 1990-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் முதல் பிரௌஸரை எழுதினார். அதில் பக்கங்களைப் படிக்கலாம். அதிலேயே எழுதவும் திருத்தவும் செய்யலாம். படிக்கிறவனே எழுதுகிறவனுமாக இருப்பான் என்பது அவர் மனத்தில் இருந்த சித்திரம். ஆனால் அது நெக்ஸ்ட் என்ற விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. அந்தக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். 1993-ல் இல்லினாய் சர்வகலாசாலையிலிருந்து மொஸைக் என்ற பிரௌஸர் வந்தது. ஜனங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதில் படிக்கலாம், எழுத முடியாது. எழுதுகிற பாதி வழியில் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு, பக்கம் போட ஆசைப்பட்டவன் எச்.டி.எம்.எல். என்ற குறியீட்டு பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் வேறொருவன் செய்த எடிட்டரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. கழன்று விழுந்த அந்தப் பாதியைத்தான் முப்பது வருஷங்களாக நமக்குப் பல பெயர்களில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படி விற்றவற்றில் முதலில் பெரும் பெயர் எடுத்தது ஃப்ரண்ட்பேஜ். வெர்மீர் என்ற சிறு கம்பெனி 1995-ல் கொண்டுவந்ததை, 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டது. வேர்டில் கடிதம் அடிக்கத் தெரிந்தவன் வெப்சைட்டும் போடலாம் என்று அது சொன்னது. பெருமளவுக்கு அது வாஸ்தவமாகவும் இருந்தது. ஆனால் மேலே பார்க்கச் சுத்தமாக இருந்த பக்கத்தின் அடியில் அது எழுதி வைத்த குறியீடு ஒரே புதர். அதன் சில வசதிகள் வேலை செய்ய, பக்கம் குடியிருக்கும் சர்வரிலும் அந்தக் கம்பெனியின் துணைச் சாமான்களை ஏற்றியிருக்க வேண்டும். 2003-க்குப் பிறகு புதுப் பதிப்பு வரவில்லை. 2006-ல் நிறுத்தியே விட்டார்கள். 1997-ல் மாக்ரோமீடியா கம்பெனி வெளியிட்ட டிரீம்வீவரை நான் இதைவிட மதிக்கிறேன். பக்கத்தையும் அதன் குறியீட்டையும் அருகருகே வைத்துக் காட்டும் நேர்மை அதற்கு இருந்தது. நாடகம் நடக்கும்போதே திரைக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்கவிட்டது. ஆனால் அது தொழில்காரர்களின் கருவி. முறுக்கு விற்கிற அம்மாளிடம் அதைக் கொடுப்பது நியாயம் ஆகாது.

இந்த எடிட்டர்கள் எல்லாம் செய்த சத்தியம் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரிவதே கைக்குக் கிடைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அச்சுக்கு இது பொருந்தும். புரூஃபில் பார்த்த பக்கமே புத்தகத்திலும் வரும். காகிதத்தின் அகலம் வாசகனுக்கு வாசகன் மாறாது. வெப்சைட்டில் நான் பார்ப்பது என் மேஜைமேல் இருக்கிற அகலமான திரையில். வாசகர் படிப்பது பஸ்ஸில் நின்றுகொண்டு, உள்ளங்கை அகலப் போனில். அவருக்கு எழுத்துப் பெரிதாக வேண்டியிருக்கும். இருட்டுப் பின்னணி வேண்டியிருக்கும். ஆக, என் கண்ணுக்குத் தெரிவது எனக்கு மட்டும் கிடைக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான சங்கடம் ஒன்று உண்டு. ஒரு வரியை எடுத்துப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் அது தலைப்பு என்று நம் கண் ஒப்புக்கொள்கிறது. கண் தெரியாதவர்கள் பக்கத்தைக் காதால் படிக்கிறார்கள். திரையை வாசித்துக் காட்ட அவர்களிடம் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தலைப்புக்குத் தலைப்பு தாவி, வேண்டிய இடத்துக்குப் போய்விடுவார்கள். வெறுமனே பெரிதாக்கிய வரி அந்த மென்பொருளுக்குத் தலைப்பு ஆகாது. ‘இது தலைப்பு’ என்று குறியீட்டில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல எடிட்டர் ‘எவ்வளவு பெரிதாக வேண்டும்?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இது என்ன? தலைப்பா, பத்தியா, பட்டியலா, மேற்கோளா?’ என்று கேட்கும். விஷயத்தையும் உடையையும் தனித்தனியே வைத்துக்கொள்ளப் பழக்கும். அப்படிப் பழகியவர் நாளைக்கு உடையை மாற்றினாலும் விஷயம் கலையாது. மோசமான எடிட்டரில் இரண்டும் ஒன்றாகத் தைக்கப்பட்டுக் கிடக்கும், பிரித்தால் கிழியும்.

கடை கட்டியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994-ல் அமெரிக்காவில் ஜியோசிட்டீஸ் என்று ஒன்று தொடங்கினார்கள். கோடிங் தெரியாத சாமானியர்களுக்கு இலவசமாக மனை கொடுத்து, அதை ஹாலிவுட், சன்செட் ஸ்ட்ரிப் என்று பேட்டை பேட்டையாகப் பிரித்து, குடியேறச் சொன்னார்கள். லட்சக்கணக்கில் வந்து குடியேறினார்கள். செத்துப்போன அம்மாவுக்கு ஒரு பக்கம், வளர்த்த பூனைக்கு ஒரு பக்கம், சேர்த்த தபால் தலைகளுக்கு ஒரு பக்கம். எழுத்துக்கள் மின்னி மின்னி மறையும், நட்சத்திரங்கள் கொட்டும், திறந்த உடனே பாட்டு ஒன்று அலறும். 1999-ல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26-ந் தேதி அமெரிக்க ஜியோசிட்டீஸை மூடிவிட்டது. ஆர்க்கைவ் டீம் என்ற தொண்டர் குழுவும் இன்டர்நெட் ஆர்க்கைவும் ஓடி ஓடி நகல் எடுத்ததால் கணிசமான பகுதி பிழைத்தது. அந்தப் பக்கங்களின் ரசனையைக் கேலி செய்வது இன்றைக்கும் ஒரு பொழுதுபோக்காக இருந்து வருகிறது. எனக்குக் கேலி வரவில்லை. அவை அந்த மனிதர்களுடைய ரசனை, இரவல் வாங்கினது இல்லை. இன்றைய டெம்ப்ளேட்டுகள் யாவும் நல்ல ரசனையோடுதான் இருக்கின்றன. அதனால்தான் பல் வைத்தியர் வெப்சைட்டும் பரத நாட்டியப் பள்ளி வெப்சைட்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கின்றன.

இலவசம் என்பதால் மூடினார்கள் என்று நினைக்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கியதும் போயிருக்கிறது. அச்சு வடிவமைப்பாளர்கள் கோடிங் இல்லாமல் வெப்சைட் செய்யட்டும் என்று அடோபி 2012-ல் மியூஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2018-ல் இனி புது வசதிகள் கிடையாது என்று அறிவித்து, 2020 மார்ச்சில் ஆதரவையும் நிறுத்திக்கொண்டது. ஆப்பிளின் ஐவெப் 2006-ல் வந்தது. அதில் செய்த பக்கங்களைக் கம்பெனியே குடிவைத்திருந்த மொபைல்மீ சேவை 2012 ஜூன் 30-ல் நின்றுபோயிற்று. சின்னக் கம்பெனி நம்பத் தகாதது, பெரிய கம்பெனி நிலைக்கும் என்ற கணக்கு இந்த வியாபாரத்தில் செல்லாது.

இன்று கடையில் இருப்பவற்றுக்கு வருவோம். விக்ஸ், 2006-ல் இஸ்ரேலில் பிறந்தது. ஆரம்பத்தில் ஃப்ளாஷ் என்ற ஒன்றை நம்பிப் பக்கங்களைக் கட்டியது, 2012-ல் எச்.டி.எம்.எல். 5-க்கு மாறிக்கொண்டது. மாறாமல் இருந்திருந்தால், 2020 டிசம்பர் 31-ல் ஃப்ளாஷுக்கு அடோபி முழுக்குப் போட்டபோது கூடவே மூழ்கியிருக்கும். படத்தை இழுத்து எங்கே வேண்டுமானாலும் போடலாம், எழுத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பது அதன் கவர்ச்சி. முதல் நாள் மயங்காதவர்கள் கிடையாது. ஆனால் அதன் வழக்கமான எடிட்டரில் ஒரு டெம்ப்ளேட்டை எடுத்துக் கட்டிவிட்டால், பிறகு அதே வெப்சைட்டுக்கு வேறு டெம்ப்ளேட் மாற்ற வழி இல்லை. புதிதாக ஆரம்பிக்க வேண்டியதுதான். கட்டிய வெப்சைட்டை எடுத்துக்கொண்டு போய் வேறு இடத்தில் குடிவைக்கவும் முடியாது. இதைக் கம்பெனி ஒளித்து வைக்கவில்லை, தன் உதவிப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. நிலைவாசலில் எழுதியிருக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கண்காட்சிக்கு, மூன்று மாதத்தில் காரியம் முடிந்துபோகிற எதற்கும் விக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் எழுத்தை அதில் வைக்க எனக்கு மனம் வராது.

ஸ்க்வேர்ஸ்பேஸை 2003-ல் மேரிலாந்து சர்வகலாசாலை மாணவர் ஒருவர் தம் விடுதி அறையில் ஆரம்பித்தார். அடக்கமும் கட்டுப்பாடும் உள்ளது. எதையும் எங்கேயும் போட விடாது. அதனாலேயே கைப்பழக்கம் இல்லாதவர் செய்தாலும் பார்க்க லட்சணமாக இருக்கும். புகைப்படக்காரர்களுக்கும் சித்திரக்காரர்களுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். வெளியேறும் கதவு பாதி திறந்திருக்கிறது: எழுத்துப் பக்கங்களில் ஒரு பகுதியை ஒரு கோப்பாகத் தரும், கடை, அலங்காரம் முதலியவற்றைத் தராது. 2013-ல் வந்த வெப்ஃப்ளோவோ, காசு கட்டுகிற சந்தாவில், சுத்தமான எச்.டி.எம்.எல்லையே கையில் கொடுத்துவிடுகிறது. ஆனால் அதில் வேலை செய்ய, பெட்டிக்குள் பெட்டி எப்படி உட்கார்கிறது, இடைவெளி எங்கே சேர்கிறது என்றெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கோடிங்கை டைப் அடிக்காமல் சுண்டெலியால் செய்வது, அவ்வளவுதான்.

வேர்ட்பிரஸ்ஸின் ஜன்மக் கதை எனக்குப் பிடித்தமானது. பி2 என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் கவனிப்பதை விட்டுவிட்டார். கம்பெனிச் சரக்காக இருந்திருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம் என்ற உரிமத்தோடு அது வெளிவந்திருந்தபடியால், மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே மாதத்தில் அது வேர்ட்பிரஸ் ஆயிற்று. இன்று உலகத்து வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில்தான் ஓடுகிறது. சொந்தக்காரன் போனாலும் எழுத்து அநாதையாகாது என்பதற்கு அதன் பிறப்பே சாட்சி.

அதற்காக அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. டாட் ஆர்க் என்று முடிவது மென்பொருள். இலவசமாக எடுத்து, நாம் வாடகைக்குப் பிடித்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். டாட் காம் என்று முடிவது ஒரு கம்பெனி நடத்தும் சேவை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் ஏராளம். 2018 டிசம்பரில் அதன் எடிட்டரையே மாற்றினார்கள். அச்சு உலகத்துப் பெரியவர் குட்டன்பர்க்கின் பெயரை அதற்கு வைத்து, ஒவ்வொரு பத்தியையும் ஒரு கட்டமாக ஆக்கினார்கள். நிம்மதியாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்கள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சம் அல்ல. பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரும் பிளகின்னைத் தேடிப் போனார்கள். அந்தப் பிளகின் விவகாரம் வேறு. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பிளகின். அவற்றைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஓட்டை வழியாகத் திருடன் வருவான். பக்கத்தை இழுத்து வைத்து அலங்கரிக்கவென்றே சில பிளகின்கள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கழற்றிப் பார்த்தால், எழுதிய பத்திகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிகளும் புரியாத வார்த்தைகளும் சிதறிக் கிடக்கும். திறந்த வீட்டுக்குள் தானே போய் ஒரு பூட்டிய அறையைக் கட்டிக்கொள்வது இதுதான். வேர்ட்பிரஸ் வேண்டும், எளிய தீம் வேண்டும், பிளகின்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்க வேண்டும். என் சிபாரிசு அவ்வளவே.

இப்போது இன்னொரு ரகமும் வந்திருக்கிறது. இரண்டு வரி சொன்னால் போதும்; படம், தலைப்பு, வாசகம் உள்படச் செயற்கை அறிவு முழு வெப்சைட்டையும் கட்டி நிறுத்திவிடுகிறது. கட்டிடத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. அது எழுதும் வாசகங்களைத்தான் சகிக்க முடியவில்லை. முறுக்குக் கடைக்கும் ‘பாரம்பரியமும் புதுமையும் சங்கமிக்கும் இடம்’, தையல் கடைக்கும் அதே சங்கமம். அந்த அம்மாள் தம் வாயால் ‘எண்ணெய் இரண்டாம் தடவை காய்ச்ச மாட்டேன்’ என்று சொல்வாரே, அந்த ஒரு வரிக்கு இது ஈடாகுமா?

நம் பாஷைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு பரீட்சை உண்டு. டெம்ப்ளேட் செய்தவர்கள் இங்கிலீஷ் வார்த்தைகளை அளந்து மெனு செய்திருக்கிறார்கள். ‘ஹோம்’, ‘அபவுட்’ இருந்த இடத்தில் ‘எங்களைப் பற்றி’, ‘வெளியீடுகள்’ என்று போட்டால் வரி உடைந்து கீழே தொங்கும். எழுத்துரு என்று நூற்றுக்கணக்கான பெயர்களைப் பட்டியல் போட்டிருப்பார்கள். பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றும் மாறாது. கம்ப்யூட்டர் தன் கையில் இருக்கிற ஏதோ ஒரு தமிழைப் போட்டுச் சமாளிக்கும். வாசகருடைய போன் வேறொன்றைப் போடும். நோட்டோ செரிஃப் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர், காட்டமரன் ஆகியவை தமிழ் எழுத்து உள்ளவை. இவற்றில் ஒன்றாவது பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தை உடையோடு தைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் ஒருமுறை அனுபவித்தும் இருக்கிறோம். தொண்ணூறுகளில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவில் வெப்சைட் போட்டது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. யூனிகோடு வந்து நிலைத்தபோது பழையதெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்ற ஆள் இல்லாதது போயே போயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கி குறியீட்டில் ஏற்றினார்கள். பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் பக்கங்களில் அலங்காரம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. எழுத்து எழுத்தாகவே இருந்ததால் இடம் மாறும்போது சேதம் இல்லாமல் மாறியது. இன்றைக்கும் படிக்கலாம்.

எடிட்டரைவிட முக்கியமான ஒன்றை இந்த யோசனைக் கட்டுரைகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அது வெப்சைட்டின் பெயர், அதாவது டொமைன். பெயர் நம்முடையதாக இருந்தால் அதற்குக் கீழே எடிட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் வாசகனுக்கு விலாசம் ஒன்றே. எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஊரின் வாசகசாலைக்கு, உள்ளூர்ப் பையன் ஒருவன் நல்லெண்ணத்தோடு வெப்சைட் செய்து கொடுத்தான். பெயரைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிவு செய்தான். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போனான். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்கள் எல்லாம் அவன் பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. கெடு முடிந்தாலும் உடனே பறிபோய்விடாது. பதிவுக் கம்பெனிகள் வழக்கமாகச் சில வாரம் பொறுக்கும். டாட் காம் போன்றவற்றுக்கு அதன் பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அபராதம் கட்டினால். அதுவும் கழிந்தது. யாரோ முன்பின் தெரியாதவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். ஐம்பது வருஷத்து ஆண்டறிக்கைகளும், ஊருக்கு வந்து பேசிய எழுத்தாளர்களின் சொற்பொழிவுக் குறிப்புகளும் இருந்த விலாசத்தில் இப்போது ரம்மி விளம்பரம் இருக்கிறது. பையன் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதே செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

காகிதங்கள் அலமாரியில் பத்திரமாக இருந்ததால் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறார்கள். இளைஞர்கள் விக்ஸ் அழகாக இருக்கிறது என்றார்கள். காசு கட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்து பாருங்கள் என்றேன்: சோதனைக் கணக்கில் நீளமான தமிழ்த் தலைப்போடு ஒரு கட்டுரையை முழுசாக ஏற்றிப் போனில் பார்ப்பது, பிறகு அதை அங்கிருந்து கோப்பாக வெளியே எடுக்க முயல்வது. இரண்டு எடிட்டர்களில் செய்து பார்த்துவிட்டு வேர்ட்பிரஸ்ஸுக்கே வந்தார்கள். பெயரைச் சங்கத்தின் பேரில், செயலாளர் மாறினாலும் மாறாத சங்க மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினம் இரண்டு விரலால் ஆண்டறிக்கைகளை அடித்து ஏற்றுகிறார். வெள்ளிக்கிழமைதோறும் எக்ஸ்போர்ட்டை அழுத்தி, வருகிற கோப்பைப் பென் டிரைவில் போட்டு, ரசீதுப் புத்தகங்களோடு இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். அந்தக் கோப்பில் எழுத்து மட்டும்தான் வரும், படங்கள் வராது, அவற்றுக்குத் தனியாக நகல் எடுக்க வேண்டும் என்று போன வாரம் சொன்னேன். இரண்டாவது பென் டிரைவ் வாங்கச் செயற்குழுவில் தீர்மானம் வந்திருக்கிறது, பொருளாளர் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.